காஞ்சனையும் கலங்கிய கதைசொல்லியும்

புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ சிறுகதையை வகுப்பில் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் நாம் ஒரே வினாவை எதிர்கொள்கிறோம். “அவள் பேய்தானா, சார்?” என்பதே அவ்வினா. வகுப்பு உடனே இரு கட்சிகளாகப் பிரிந்துவிடும். பேய் என்போர் சான்றுகளை அடுக்குவர். பேய் இல்லை என்போர் அச்சான்றுகளை ஒவ்வொன்றாகத் தள்ளுவர். இறுதியில், ‘ஆசிரியர் முடிவை வாசகரிடமே விட்டுவிட்டார்’ என்று கூறி, மணி அடித்தது வசதியாகப் போக, நாமும் வகுப்பை முடித்துக்கொள்வோம். பல ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

சில ஆண்டுகளுக்கு முன், தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து வந்து படித்த மாணவி ஒருவர் வேறு மாதிரி கேட்டார். “அவ பேயி இல்லன்னா, நாம எல்லாருஞ் சேந்துல்லா சார் அவளப் பேயாக்கிட்டோம்?” அன்று நம்மால் விடை கூற இயலவில்லை. மணி அடித்தும் அந்த வினா நம்மை விடவில்லை. அதற்கு விடை தேடும் முயற்சியாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். இதற்கு விடை காண வேண்டுமானால், நம் மரபில் பேய்க்கதையை யார் சொன்னார்கள், யார் முன்னிலையில் சொன்னார்கள், சொன்னவரை யார் நம்பினார்கள் என்னும் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

அச்சத்தின் ஊற்றுக்கண்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களைக் காட்டுகிறார். அச்சம் தோன்றும் இடங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கு. இவற்றைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நான்குமே அஞ்சுபவனுக்குப் புறத்தே இருப்பவை. தெய்வமும் பேயும் வெளியே இருக்கின்றன. புலியும் கள்வனும் அரசனும் வெளியே இருக்கிறார்கள். அஞ்சுபவனின் சொந்த மனமே அச்சத்துக்குப் பிறப்பிடமாகலாம் என்பது அப்பட்டியலில் தனியே இடம்பெறவில்லை.

இலக்கியத்தில் நாம் காணும் பேய்களும் அத்தகையனவே. கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் பேய்களைக் கூட்டங்கூட்டமாக நிறுத்துகிறார். அவை பசிக்கின்றன, முறையிடுகின்றன, போர்க்களத்தில் கூழ் அடுகின்றன. பாடும் புலவருக்கு அவை உள்ளனவா என்ற ஐயம் ஓரிடத்தும் இல்லை. காரைக்காலம்மையாரோ தாமே பேயுருவை விரும்பி வேண்டிப் பெற்றவர். பேய் என்பது அங்கு மனக்கலக்கத்தின் விளைவன்று. அருளின் ஒரு கோலம். சுருங்கச் சொன்னால், நம் பழைய இலக்கியத்தில் பேய் அச்சம் தரலாம், நகைப்பும் தரலாம். அதைச் சொல்பவரின் குரல் மட்டும் தடுமாறுவதில்லை.

வில்லடியில் ஒலிக்கும் ‘ஆமா’

நெல்லை, குமரி மாவட்டங்களில் கொடைவிழா கண்டவர்களுக்கு வில்லுப்பாட்டைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. வில்லும் குடமும் உடுக்கும் தாளமும் சூழ அமர்ந்து அண்ணாவி கதை சொல்வார். அவர் ஒரு செய்தியைச் சொல்லி நிறுத்தும் இடத்தில் உடன் பாடுவோர் ‘ஆமா’ என்பர். கதையை வேகம் குன்றாமல் நகர்த்துவதற்கான உத்தி என்றே இதைப் பொதுவாகக் கருதுகிறோம். நம் பார்வையில் இந்த ‘ஆமா’ ஒரு சாட்சியமும் ஆகும். அண்ணாவி சொல்லும் பேய்க்குப் பின்னால் ஒரு குழு நிற்கிறது. குழுவுக்குப் பின்னால் ஊர் அமர்ந்திருக்கிறது. நள்ளிரவில் சுடலைமாடன் வேட்டைக்குச் சுடுகாடு நோக்கி ஆடிச் செல்லும்போது சாமியாடியின் நிலைமாற்றத்தை ஒருவரும் தனிமனிதக் கோளாறாகப் பார்ப்பதில்லை. வந்திருப்பது யார் என்று கேட்டு, விடை பெற்று, அதற்குரிய மரியாதையைச் செய்து அனுப்ப ஊருக்குத் தெரியும்.

இம்மரபில் நம் பொருளுக்கு மிக நெருக்கமான கதை நீலியின் கதை. இசக்கியம்மன் கதையாக இப்பகுதியில் பாடப்படும் இதற்குப் பாட வேறுபாடுகள் பல உண்டு. முற்பிறவியில் நகைக்காகக் கொல்லப்பட்ட ஒரு பெண், மறுபிறவியில் தன்னைக் கொன்றவனைத் தேடி வருகிறாள். அவன் இப்போது வணிகன். கள்ளிக்கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, ‘இவர் என் கணவர்’ என்று ஊர்ப் பெரியவர்கள்முன் முறையிடுகிறாள். வணிகனோ, ‘இவள் பெண் அல்லள், பேய்’ என்று கதறுகிறான். ஊரார் அவளை நம்புகிறார்கள். விடியும்போது அவன் பிணமாகக் கிடக்கிறான். பழையனூர்க் கதையில், அவனுக்கு உறுதிமொழி அளித்த வேளாளர் எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாமல் தீப்புகுந்தனர்.

இங்கு ஓர் ஆண், எதிரே நிற்கும் பெண்ணைப் பேய் என்கிறான், கேட்பவர் நம்பவில்லை. அவன் கூற்று மெய் என்பது கதையில் வரும் ஊராருக்குத் தெரியாது. வில்லுப்பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஊராருக்குத் தெரியும், ஏனெனில் அண்ணாவி முன்பே சொல்லிவிட்டார்; உடன் பாடுவோரும் ‘ஆமா’ என்றுவிட்டனர். அவள் ஏன் அவ்வாறு வந்தாள் என்பதையும், அவளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையையும் அதே அண்ணாவிதான் சொல்லியிருக்கிறார். ஆகவேதான் கேட்பவர் அவளுக்கு அஞ்சுவதோடு நில்லாமல் அவளைத் தெய்வமாக்கி வணங்கவும் செய்கின்றனர். இவ்விரண்டு செய்திகளையும் நினைவில் இருத்திக்கொண்டு அடுத்த பகுதிக்குச் செல்வோம்.

மேலைநாட்டு வழி

ஐரோப்பாவில் கோதிக் புனைவு 1764-இல் வெளிவந்த ஹொரேஸ் வால்போலின் ‘ஒட்ராண்டோ கோட்டை’யில் தொடங்குவதாகக் கொள்வர். பாழடைந்த கோட்டை, இருண்ட சுரங்கவழி, பழைய குற்றம், வெளிவரும் ஆவி என அதன் தளவாடங்கள் புறத்தேதான் இருந்தன. அமெரிக்கரான எட்கர் ஆலன் போவின் கதைகள் சிலவற்றில் அக்கோட்டை கதைசொல்லியின் மண்டைக்குள் இடம் மாறியது. 1843-இல் வந்த அவரது ‘காட்டிக்கொடுத்த இதயம்’ கதையில் கொலைகாரனே கதை சொல்கிறான். தான் பித்தன் அல்லன் என்று அவன் மீண்டும் மீண்டும் வலியுறுத்துகிறான். எவ்வளவு நிதானமாகத் திட்டமிட்டேன் பாருங்கள் என்கிறான். அவ்வலியுறுத்தலே அவனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான் 1887-இல் வெளியிட்ட ‘லெ ஒர்லா’வில் நாட்குறிப்பு எழுதும் ஒருவன், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தன் வீட்டில் குடியேறிவிட்டதாக நாளுக்கு நாள் உறுதி கொள்கிறான். இத்தகைய கதைசொல்லியை ‘நம்பகமற்ற கதைசொல்லி’ என்று திறனாய்வாளர் வெய்ன் பூத் 1961-இல் பெயரிட்டு விளக்கினார். பெயர் பிந்தி வந்தது. உத்தி முந்தியே இருந்தது.

இவ்விரு வழிகளும் ஒருவரிடத்தில் வந்து கூடின. 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த சொ. விருத்தாசலம், இளமையிலேயே குடும்பத்துடன் திருநெல்வேலிக்கு வந்து, இந்துக் கல்லூரியில் பயின்று 1931-இல் பட்டம் பெற்றவர். பின்னர்ச் சென்னை சென்று ‘புதுமைப்பித்தன்’ ஆனார். மேலைக் கதைகளை ஆர்வத்துடன் கற்றவர்; மாப்பசான் கதைகள் சிலவற்றைத் தழுவி எழுதியவர்; மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலைப் ‘பிரேத மனிதன்’ என்று தமிழில் தந்தவர். அதே சமயம் ‘காலனும் கிழவியும்’ கதையில் நெல்லை வட்டாரத்துச் சுடுகாடாகிய வெள்ளைக்கோயிலுக்கு எமனையே வரவழைத்து, ஒரு கிழவியிடம் தோற்று ஓடச் செய்தவர். அக்கதையிலும், மணிக்கொடிக் காலத்து ‘பிரம்மராக்ஷஸ்’ கதையிலும் படர்க்கைக் குரல்தான் பேசுகிறது. அக்குரல் அண்ணாவியின் குரலைப் போல உறுதியானது. எமன் வந்தான் என்றால் வந்தான். ராக்ஷஸ் இருக்கிறது என்றால் இருக்கிறது.

1943-இல் வெளிவந்த ‘காஞ்சனை’யில்தான் அக்குரல் தன்மைக்கு மாறுகிறது. போவின் கதைக்கும் இதற்கும் இடையே சரியாக நூறாண்டுகள்.

காஞ்சனையின் உத்திகள்

கதை எளியது. எழுத்தாளர் ஒருவருக்கு ஓர் இரவு தூக்கம் பிடிக்கவில்லை. விளங்காத மணமொன்று எழுகிறது. மறுநாள் ஒரு பிச்சைக்காரி வாயிலுக்கு வருகிறாள். மனைவி அவளை வேலைக்கு அமர்த்திக்கொள்கிறார். கணவருக்கோ அவள் மானிடப் பெண்தானா என்ற ஐயம் வலுக்கிறது. இரவுகள் அச்சத்தில் கழிகின்றன. இறுதியில் அவள் மறைகிறாள். இவ்வளவே நிகழ்ச்சி. இதைச் சொல்லும் முறையில் கதைசொல்லியின் கலக்கத்தை ஆசிரியர் எவ்வாறு வெளிப்படுத்துகிறார் என்பதைக் காண்போம்.

முதலாவது, காரணமின்மை. தூக்கமின்மையோடு கதை தொடங்குகிறது. உடலில் நோயில்லை, மனத்தில் குறையில்லை, ஆயினும் தூக்கமில்லை. பிச்சைக்காரி வருவதற்கு முன்பே கதைசொல்லி கலங்கியிருக்கிறார் என்னும் செய்தி இங்கு நமக்குத் தரப்பட்டுவிடுகிறது. முதல் வாசிப்பில் இதை வரப்போகும் பேயின் முன்னறிவிப்பாகக் கொள்கிறோம். மறுவாசிப்பில், அச்சம் முதலில் பிறந்து, தனக்கொரு உருவத்தைத் தேடிக்கொண்டிருந்ததோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இரண்டாவது, தொழில். கதைசொல்லி கதை எழுதிப் பிழைப்பவர். பொய்யை விலைப்படுத்துபவர் என்று தம்மைத் தாமே எள்ளிக்கொள்பவர். போவின் கொலைகாரன் தன்னை நம்பும்படி மன்றாடுகிறான். புதுமைப்பித்தனின் எழுத்தாளரோ நம்ப வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். இவ்வாறு சொல்பவரை நாம் நம்பத் தொடங்கிவிடுகிறோம் என்பதே இதிலுள்ள சூழ்ச்சி.

மூன்றாவது, புலன். கண்ணால் கண்டதைப் பிறரிடம் காட்டலாம். காதால் கேட்டதைப் பிறரும் கேட்கலாம். மூக்குக்கு எட்டுவதை அவ்வளவு எளிதில் மெய்ப்பிக்க இயலாது. நறுமணமாகத் தோன்றி, பிணவாடையாகத் திரியும் அந்த மணத்தைத் தம் முதற்சான்றாகக் கதைசொல்லி கொள்கிறார். மனைவியோ அன்றாட வாழ்க்கையிலிருந்து ஒரு காரணம் கண்டு அமைதியடைகிறார். ஒரே வீட்டில், ஒரே இரவில், ஒரே காற்றுக்கு இரு பொருள்கள்.

நான்காவது, திருத்தம். பிச்சைக்காரியின் கால்கள் தரையில் பாவவில்லை என்று கதைசொல்லி காண்கிறார். மீண்டும் நோக்க, அவை தரையில்தான் இருக்கின்றன. பேய்க்குக் கால் தரையில் படாது என்பது நம் சிற்றூர்களில் குழந்தையும் அறிந்த இலக்கணம். அவ்விலக்கணத்தை எடுத்துக் காட்டி, உடனே அழிக்கிறார் ஆசிரியர். ஆனால் முதற்காட்சி அழிவதில்லை. அவள் சிரித்த சிரிப்பும் அவ்வாறே. அது அவருடைய எலும்புக்குள் குளிரைப் பாய்ச்சுகிறது. அவளை வேலைக்கு அமர்த்தும் மனைவிக்கோ அத்தகைய நடுக்கம் ஏதும் இல்லை.

ஐந்தாவது, தடயத்தின் அளவு. ஓர் இரவில் மனைவியின் கழுத்தில் ஊசிமுனை அளவுக்குக் குருதி அரும்புகிறது. கதையிலேயே புலனறிவுக்கு எட்டும் சான்று இது ஒன்றுதான் எனலாம். இது சற்றே பெரிதாயிருந்தால் பேய் உறுதியாகிவிடும். இல்லாதிருந்தால் பேய் பொய்யாகிவிடும். கொசுக்கடிக்கும் பேய்க்கடிக்கும் பொதுவான அளவை ஆசிரியர் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

ஆறாவது, நகை. தொல்காப்பியர் நகைக்குக் கூறும் நிலைக்களன்களுள் எள்ளல் முதலாவது. நெல்லைச் சீமைக்காரருக்கு அது பிறவிக்குணம். இக்கதைசொல்லி அச்சம் முற்றும்தோறும் தம்மைத் தாமே கிண்டல் செய்துகொள்கிறார். இருட்டில் தனியே நடப்பவன் உரக்கப் பாடுவதைப் போன்றது இது. மேலைக் கதைகளின் பித்தர்களிடத்து இக்குணத்தை நாம் அவ்வளவாகக் காண்பதில்லை. அச்சமும் நகையும் ஒரே வாக்கியத்தில் உறைவது புதுமைப்பித்தன் இவ்வகைக்குச் சேர்த்த கொடை என்று துணிந்து கூறலாம்.

இந்த ஆறையும் ஒன்றாகச் சேர்த்து நோக்கினால் வில்லுப்பாட்டோடு உள்ள வேறுபாடு விளங்கும். கதைசொல்லி அண்ணாவியைப் போல ஒவ்வொன்றாகச் சொல்லி நிறுத்துகிறார். ‘ஆமா’ என்று சொல்லத்தான் ஆளில்லை. மனைவி உறங்குகிறார், விழித்திருக்கும்போது மறுக்கிறார். அக்கம்பக்கத்து ஊர் என ஒன்று கதையில் இல்லை. இரவில் வாயிலில் வந்து நிற்கும் பிச்சைக்காரன் விபூதி தருகிறான். அவன் ஒருவனே கதைசொல்லியின் அச்சத்துக்கு உடன்படுபவன். அவனைக் கண்டவரும் கதைசொல்லி ஒருவர்தாம்! சாமியாடியைச் சூழ்ந்து நின்று ‘வந்திருப்பது யார்’ என்று கேட்ட ஊர் கலைந்துபோன பின், நடுத்தரக் குடும்பத்து வீட்டின் நான்கு சுவர்களுக்குள் ஒரு மனிதன் தனியே அஞ்சுகிறான். ஊரின் சாட்சியம் அற்றுப்போன இடத்தில் பேய்க்கதை மனநோயின் கதையாகவும் வாசிக்கத்தக்கதாகிறது. தமிழ்ச் சிறுகதையில் கலங்கிய கதைசொல்லி தோன்றிய வரலாற்றை நாம் இவ்வாறே புரிந்துகொள்கிறோம்.

இதன் அடுத்த படியை அவரது இறுதிக்காலக் கதைகளுள் ஒன்றான ‘கயிற்றரவு’ காட்டுகிறது. கயிற்றைப் பாம்பென மயங்கும் வேதாந்த உவமையே தலைப்பு. அங்கே பேயும் இல்லை. காலம், நான் என்னும் உணர்வு, சாவு ஆகியவையே நம்பகமற்றுப் போகின்றன. அதன்பின் மௌனியின் கதைகளையும், 1972-இல் வெளிவந்த நகுலனின் ‘நினைவுப்பாதை’யையும் வாசிப்பவர், அமைதி குலைந்த மனமே கதையின் களமாகிவிட்டதைக் காண்பர்.

மாணவியின் வினா

இனி அந்த மாணவியின் வினாவுக்கு வருவோம். கதைசொல்லியின் மனம் கலங்கியது என்று மெய்ப்பித்துவிட்டால் நம் வேலை முடிந்துவிட்டதாகத் திறனாய்வு மாணவர்கள் எண்ணுகின்றனர். நாமும் எண்ணினோம். உண்மையில் அங்கிருந்துதான் கதையின் மறுபாதி தொடங்குகிறது. கதைசொல்லியை நம்பவில்லையெனில், அவ்வீட்டில் நடந்தது என்ன? உற்றார் இன்றி, உணவின்றி ஒரு பெண் வாயிலுக்கு வந்தாள். ஒரு பெண்மணி அவளுக்கு வேலை கொடுத்தார். அவள் உழைத்தாள், இரவில் கதையும் சொன்னாள். அவ்வீட்டு ஆண்மகன் அவள் காலை உற்றுப் பார்த்தான், சிரிப்பை ஐயுற்றான், உறங்காமல் காவல் காத்தான். பின்னர் அவள் அங்கே இல்லை. எங்கே சென்றாள் என்று அவன் வருந்தவில்லை. வாசகராகிய நாமும் வருந்துவதில்லை. அவள் பேயா இல்லையா என்று பட்டிமன்றம் நடத்துகிறோம்.

நீலி கதையில் அண்ணாவி அவளுடைய முற்பிறவியைப் பாடினார். அவள் பேயானதற்குக் காரணம் அவளுக்கு இழைக்கப்பட்ட கொலை என்பதைக் கேட்டவர் அறிந்தனர். ஊர் அவளுக்குப் பீடம் எழுப்பிப் பொங்கலிட்டது. காஞ்சனைக்கு அத்தகைய அண்ணாவி வாய்க்கவில்லை. அவள் எங்கிருந்து வந்தாள், என்ன கொடுமைக்கு உள்ளானாள் என்பதை அவள் வாயிலாகக் கேட்க அவ்வீட்டு எழுத்தாளருக்கு விருப்பமில்லை. இத்தனைக்கும் கதை கேட்பதும் சொல்வதும் அவருடைய தொழில்!

‘துன்பக் கேணி’யையும் ‘பொன்னகர’த்தையும் எழுதியவர் இதை அறியாமல் எழுதியிருப்பார் என்று நம்மால் கருத முடியவில்லை. ‘காஞ்சனை’ தொகுதிக்கு அவர் எழுதிய முன்னுரையின் தலைப்பு ‘எச்சரிக்கை’. கதை உலகத்துக்கென்று தனி நியதி உண்டு என்பது அதில் அவர் வைக்கும் வாதம். அந்த எச்சரிக்கையைப் பேய் நம்பிக்கை பற்றியதாக மட்டும் நாம் இதுகாறும் படித்துவந்தோம். ‘நான்’ என்று தொடங்கிப் பேசும் எந்தக் குரலையும் அது நம்மைப் போலவே படித்த, நம்மைப் போலவே நகைச்சுவை உள்ள குரல் என்பதற்காக நம்பிவிடாதீர் என்ற எச்சரிக்கையாகவும் அதைக் கொள்ளலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆக, அந்த மாணவிக்கு நாம் கூற வேண்டிய விடை இதுதான்: ஆம் அம்மா, அவள் பேய் இல்லையென்றால் நாம் எல்லோரும் சேர்ந்துதான் அவளைப் பேயாக்கினோம். கதைசொல்லி சொல்லி நிறுத்திய ஒவ்வோர் இடத்திலும், தாளம் தட்டாத குறையாக, ‘ஆமா’ என்று சொன்னவர்கள் வாசகராகிய நாம்தாம். அவள் பேய் என்றே வைத்துக்கொண்டாலும், எவருடைய குற்றத்தால் பேயானாள் என்று கேட்கும் கடன் நமக்கு உண்டு; உன் ஊர் இசக்கி கோவிலில் அக்கேள்விக்கு ஆண்டுதோறும் விடை பாடப்படுகிறது.

அம்மாணவி இப்போது எங்கோ ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருப்பதாகக் கேள்விப்பட்டோம். அவரது வகுப்பில் இவ்வினா வேறு வடிவில் எழுந்திருக்கக்கூடும். அன்பர்கள் ‘காஞ்சனை’யை மீண்டும் ஒருமுறை எடுத்து, இம்முறை வேலைக்காரியின் பக்கம் அமர்ந்து வாசித்துப் பார்க்க வேண்டுகிறோம்.